பழைய போர்டுக்கு எந்த ராம் சேரும்? வாசகர் கேள்வி–பதில்

மெஷின் மெதுவாகிவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் ராமை, அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகப் பலகையை, கூட்டிப் பாருங்கள் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்கப் படிக்க மனசு கஷ்டமாகிவிட்டது. எழுதியவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ராம் வாங்கிவிட்டார்கள். போட்டால் ஓடவில்லை, கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் அன்றே சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் சர்வீஸ் கடை நடத்தும் இந்த 24 வருஷத்தில் 'ராம் கோளாறு' என்று என் மேஜைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை கோளாறே இல்லை. பொருத்தம் பார்க்காமல் வாங்கியவை, அவ்வளவுதான். அதனால் இந்த இதழ் முழுக்க ராம்தான். கீழே 'போர்டு' என்பது ராம் பொருந்தும் மதர்போர்டு; 'டிடிஆர்2', 'டிடிஆர்3' என்பவை ராமின் தலைமுறைகள்.

அக்கா, எங்கள் அச்சகத்தில் டிடிபி வேலைக்கு ஒரு பழைய மெஷின் இருக்கிறது. பென்டியம் டூயல் கோர், ஜி41 போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம், விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் சேர்ந்து திறந்தால் திணறுகிறது. 4 ஜிபி ராம் புதிதாக வாங்கிப் போட்டேன். டிஸ்பிளே வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது. கடைக்காரர் அதே ராமைத் தன் மெஷினில் போட்டு ஓட்டிக் காட்டுகிறார். "ராம் நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டுதான் போச்சு" என்கிறார். பழைய ராமைப் போட்டால் என் போர்டும் ஓடுகிறதே! யாரை நம்புவது?
– வாசகர், சிவகாசி

உங்கள் போர்டு போகவில்லை. அவர் கொடுத்த ராமும் பழுதில்லை. ஒன்றுக்கொன்று சேரவில்லை, அதுதான் விஷயம். இந்த வாரம் வந்த கடிதங்களில் இதே ஜி41 கதை மட்டும் நான்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ராமையும் புதிய ராமையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்புச் சிப்புகளை எண்ணுங்கள். புதியதில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப் இருக்கும், மறுபக்கம் மொட்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 4 ஜிபி என்றால் 32 ஜிகாபிட். அதை 16 சிப்பில் பிரித்தால் ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட். 8 சிப்பிலேயே அடைத்தால் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட். ஜி41 என்பது 2008-ல் வந்த இன்டெல் சிப்செட், அதாவது போர்டில் பிராசசரையும் ராமையும் இணைக்கும் சிப். அது 2 ஜிகாபிட் சிப் வரைக்கும்தான் படிக்கும். 2 ஜிகாபிட் சிப்புக்குள் ஒரு வரிசையைத் தேடிப் போக 15 பிட் முகவரி போதும், 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். அந்த ஒரு பிட் ஜி41-ல் கிடையாது. கடைக்காரரின் மெஷின் அதற்குப் பிந்தைய தலைமுறையாக இருக்கும், அதனால் அங்கே ஓடியது.

ஆக, ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ராம் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 8 வீதம் 16 சிப் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி ராமின் லேபிளில் பொடி எழுத்தில் '2ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் 16 சிப், '1ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் 8 சிப். மேலே அலுமினியத் தகடு ஒட்டி அழகாக வரும் ராம்களில் சிப் கண்ணுக்கே தெரியாது. அவற்றை இந்த போர்டுக்கு வாங்க வேண்டாம்.

சிப்பை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று ஆன்லைனில் பாதி விலைக்கு 4 ஜிபி ராம் விற்கிறார்கள். அதிலும் 16 சிப்தான் இருக்கும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட்டுக்குப் பதில் 4 பிட் அகலம். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் போர்டுகள் அதை ஏற்பதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். வெளிச்சத்தில் ராமைச் சாய்த்துப் பிடித்தால் சிப்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு எண் மினுங்கும். சாம்சங் சிப்பாக இருந்தால் 'கே4பி2ஜி08' என்று தொடங்கும். நடுவில் உள்ள '2ஜி' என்பது 2 ஜிகாபிட், '08' என்பது 8 பிட் அகலம். உங்களுக்கு வேண்டியது இதுதான். '4ஜி08' என்றிருந்தால் உங்கள் போர்டுக்குப் பெரிய சிப். '2ஜி04' என்றிருந்தால் அந்த ஏஎம்டி சரக்கு. ஹைனிக்ஸ் சிப்பானால் 'எச்5டிக்யூ2ஜி83' நல்லது, '2ஜி43' வேண்டாம். எங்கள் கடைப் பையனுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான். இன்று என்னைவிட வேகமாகப் படிக்கிறான்.

இனி உங்கள் அச்சகத்துக்கு என் யோசனை. 4 ஜிபி ராமைக் கொடுத்துவிட்டு அதே கடையில் ஒரு 2 ஜிபி ராமாக மாற்றிக் கேளுங்கள். 8 சிப்பில் வரும் 2 ஜிபி ராம் ஜி41-ல் ஓடும், ஏனென்றால் அதில் சிப்புக்கு 2 ஜிகாபிட்தான். நான்கே சிப் உள்ள 2 ஜிபி ராமை மட்டும் தொடாதீர்கள். உங்களுடைய எக்ஸ்பி 32 பிட் ஆகத்தான் இருக்கும், 4 ஜிபிக்கு மேல் போட்டாலும் அதற்குத் தெரியாது. 2+2 போதும். புது ராமில் வேகம் 1333 என்று எழுதியிருந்து அது 1066-லோ அதற்கும் கீழேயோ ஓடினால் கவலைப்படாதீர்கள். ஜி41-ன் சொந்த வேகம் 1066 வரைக்கும்தான், வேகமான ராம் இறங்கி வந்து ஓடும். எக்ஸ்பி மெஷினில் பேங்க் வேலை, மெயில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, வேலையைப் பென்டிரைவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

என் போர்டில் டிடிஆர்2. அதற்கும் 240 பின், டிடிஆர்3-க்கும் 240 பின் என்கிறார்கள். அப்படியானால் டிடிஆர்3 போடலாம்தானே?
– வாசகர், தேனி

கூடாது. பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறி இருக்கும். தவறாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், உள்ளே பேசும் முறையும் வேறு. ஸ்லாட்டின் வெட்டை அரம் வைத்து ராவிவிட்டு டிடிஆர்3-ஐ அழுத்திப் போட்ட ஒரு மெஷின் என் கடைக்கு வந்தது. ஸ்லாட்டுக்குள் மூன்று தங்கக் கம்பிகள் மடங்கிப் போயிருந்தன. ஊசியால் நிமிர்த்திப் பார்த்தேன், ஒன்று ஒடிந்தே போனது. அந்த போர்டை மீட்க முடியவில்லை. ராம் என்பது இரண்டு கட்டைவிரலால் சீராக அழுத்தினால் 'டக்' என்று இறங்க வேண்டிய பொருள். இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

சில ஜி41 போர்டுகளில் இரண்டு வகை ஸ்லாட்டும் இருக்கும், வெட்டைப் பார்த்தாலே தெரியும். அதிலும் ஏதாவது ஒரு வகையைத்தான் போடலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

எங்கள் அலுவலகத்தில் இருப்பது சுமார் 10 வருஷத்துக்கு முந்தைய பிராண்டட் கம்ப்யூட்டர், 4 ஜிபி. கூட ஒரு 4 ஜிபி போடலாம் என்று அந்தக் கம்பெனி சர்வீஸில் கேட்டோம். எங்கள் ராம்தான் போட வேண்டும் என்று வெளிக்கடையைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வேறு கம்பெனி ராம் போட்டால் மெஷின் கெட்டுவிடுமா? இரண்டு கம்பெனியைக் கலக்கலாமா?
– வாசகி, ஈரோடு

கெடாது அம்மா. தைரியமாகப் போடுங்கள். வாரண்டி முடிந்து பல வருஷம் ஆன மெஷினுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

கேபினெட்டைத் திறந்து உள்ளே இருக்கும் ராமைக் கழற்றிப் பாருங்கள். மெஷின் கம்பெனியின் பார்ட் நம்பர் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேயோ பக்கத்திலோ சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். உலகத்தில் ராம் சிப்பைச் செய்பவர்களே சிலர்தான், பெரும்பகுதி இந்த மூவருடையது. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் இவர்களிடம் வாங்கித்தான் போடுகின்றன. நாம் கடையில் வாங்கும் கிங்ஸ்டன் போன்ற பெயர்களும் இதே சிப்புகளை வாங்கிப் பலகையில் பதித்து விற்பவைதான்.

கிங்ஸ்டன் தொடங்கிய கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 1987-ல் மேற்பரப்பில் பதிக்கும் மெமரி சிப்புகளுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாவில் இருந்த ஜான் டூ, டேவிட் சன் என்ற இரண்டு இன்ஜினியர்கள், அப்போது தாராளமாகக் கிடைத்த பழைய வகைச் சிப்புகளை, அதாவது காலைத் துளையில் நுழைத்துப் பற்றவைக்கும் வகையை, வைத்து மெமரிப் பலகை செய்து காட்டினார்கள். மெஷின் ஒரு கம்பெனி, ராம் இன்னொரு கம்பெனி என்று நாம் இன்று சர்வசாதாரணமாகப் போடுகிறோமே, அந்த வியாபாரம் வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெடெக் என்ற அமைப்பு வோல்ட், பின், வெட்டு, வேகம் எல்லாவற்றையும் வரையறுத்து வைத்திருப்பதால் இது சாத்தியமாகிறது.

கலப்பதைப் பற்றி. ஒவ்வொரு ராமிலும் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு குட்டிச் சிப் இருக்கும். நான் எத்தனை ஜிபி, எந்த வேகம், எனக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. போர்டு இரண்டு ராமும் சொல்வதைக் கேட்டு, மெதுவானதன் வேகத்துக்கு இரண்டையும் ஓட்டும். 1600 ராமோடு 1333 போட்டால் இரண்டும் 1333-ல் ஓடும். அளவு ஒன்றாக இருந்தால் இரட்டைச் சேனலும், அதாவது இரண்டு ராமிலும் ஒரே நேரத்தில் படித்து எழுதும் வசதியும், கிடைக்கும். 4 ஜிபி இருக்கிற இடத்தில் இன்னொரு 4 ஜிபியே போடுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வாங்குவதற்கு முன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எஸ்பிடி என்ற பக்கத்தையும் மெயின்போர்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ராமைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். வாயால் '4 ஜிபி டிடிஆர்3' என்று கேட்பதற்கும், பழைய ராமை மேஜையில் வைத்து 'இதே மாதிரி' என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஓடவில்லை என்றால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

இதில் நானே பட்ட ஒரு அடி உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் 20 ராம் எடுத்தேன். எல்லாம் 2 ஜிபி, 1333 என்று பளபளப்பான ஸ்டிக்கர். வாடிக்கையாளர் ஒருவர் மெஷின் அடிக்கடி நீலத் திரை காட்டுகிறது என்று திரும்பக் கொண்டுவந்தார். ராமைக் கழற்றினேன். சூட்டில் ஸ்டிக்கரின் மூலை தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் பாதி அழிந்த இன்னொரு ஸ்டிக்கர், அதில் 1066 என்று இருந்தது. மீதி இருந்தவற்றையும் உரித்துப் பார்த்தேன், ஏழில் இதே வேலை. வியாபாரி திருப்பி எடுக்கவில்லை. வாங்கிப்போன எல்லோருக்கும் நான் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்டிக்கரை நம்புவதில்லை. சிப்பின் மேல் உள்ள எண்ணும் சிபியு-இசட் காட்டுவதும் ஒன்றாக இருந்தால்தான் பில் போடுவேன்.

மேடம், நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அண்ணன் கொடுத்த லேப்டாப், ஐ3-4005யு, 4 ஜிபி. பழைய சாமான் கடையில் 8 ஜிபி டிடிஆர்3 லேப்டாப் ராம் விலை குறைவாகக் கிடைத்தது. ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் பவர் லைட் மட்டும் எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. லேப்டாப்பைக் கெடுத்துவிட்டேனா? அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

பயப்படாதே அம்மா, கெட்டிருக்காது. பழைய ராமைத் திரும்பப் போட்டால் ஓடிவிடும்.

வாங்கிய ராமின் லேபிளைப் பார். 'பிசி3-12800' என்று இருக்கிறதா, 'பிசி3எல்-12800' என்று இருக்கிறதா? அந்த ஒரு 'எல்' எழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது. சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், எல் போட்டதற்கு 1.35 வோல்ட். உன்னுடைய பிராசசர் 2013-ல் வந்த நான்காம் தலைமுறை, பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று 1.35 வோல்ட் ராமுக்காகவே செய்தது. 1.5 வோல்ட் கேட்கும் ராமுக்கு 1.35 கொடுத்தால் அது எழுந்திருக்காது. இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடத்தில். அதனால்தான் ஸ்லாட்டில் தடையில்லாமல் உட்கார்ந்தது.

இதைத் திருப்பிச் செய்தால் பிரச்சினை இல்லை. டிடிஆர்3எல் ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஆகவே பழைய லேப்டாப்புக்கு எதை வாங்குவது என்று சந்தேகம் வந்தால் எல் உள்ளதையே வாங்கு. உன் பிராசசர் 16 ஜிபி வரை ஏற்கும், 8 ஜிபி தாராளம். மாற்றும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியையும் கழற்று. உள்பேட்டரியாக இருந்தால் அதன் கனெக்டரையாவது எடுத்துவிடு. அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

8 ஜிபி போட்டும் 'பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி' என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், விருத்தாசலம்

இல்லை. உங்கள் விண்டோஸ் 32 பிட். 32 பிட்டில் எழுத முடிகிற முகவரிகள் மொத்தம் 4,294,967,296, அதாவது 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸ் போன்ற சாதனங்களுக்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் 3.24. ராமை மாற்ற வேண்டாம், 64 பிட் விண்டோஸ் போட வேண்டும். மேலேயே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் பதிய வேண்டும். கோப்புகளை முதலில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் பதிப்பு என்றால் 2 ஜிபிக்கு மேல் எடுக்காது. ஹோம் பேசிக் 64 பிட் 8 ஜிபி வரை எடுக்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் பொது ஆதரவு முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் பதியப் போகிறீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒருமுறை பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சர்வரில் இருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்3 ராம் மிக மலிவாக விற்கிறார்கள். வீட்டு மெஷினில் போடலாமா?
– வாசகர், ஓசூர்

வாங்காதீர்கள். லேபிளில் 'பிசி3-10600ஆர்' என்று கடைசியில் 'ஆர்' இருக்கும். நம் வீட்டு போர்டுகளுக்கு வேண்டியது கடைசியில் 'யு' உள்ளது. நடுவில் மற்றவற்றைவிட வேறு உருவத்தில் ஒரு சிப் தனியாக உட்கார்ந்திருந்தால், அது முகவரிகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ரிஜிஸ்டர். சாதாரண போர்டு அதனோடு பேசாது. ராமும் நல்லது, விலையும் நல்லது, ஆனால் உங்களுக்கு உதவாது.

அக்கா, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். 13 அங்குல மேக்புக் ப்ரோ, அடியில் ஏ1278 என்று இருக்கிறது. ஆப்பிள் 8 ஜிபிதான் உச்சம் என்கிறது. நண்பர்கள் 16 போடலாம் என்கிறார்கள். ஊரில் படிக்கும் தங்கைக்குக் கொடுக்க வேண்டும்.
– வாசகி, சிங்கப்பூர்

ஏ1278 என்பதை வைத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்த எண்ணை 2008 கடைசியிலிருந்து 2012 நடுப்பகுதி வரை வந்த பல மாடல்களில் ஒட்டியிருக்கிறார்கள். ஆப்பிள் மெனுவில் 'இந்த மேக் பற்றி' என்பதைத் திறந்தால் வருஷம் தெரியும். 2010 வரை 1066, 2011-க்கு 1333, 2012-க்கு 1600 என்று ராமின் வேகம் மாறும்.

உங்களுடையது 2012 நடுப்பகுதி மாடல் என்றால் நண்பர்கள் சொல்வது சரி. ஆப்பிள் எழுதியிருப்பது 8 ஜிபி, ஆனால் இரண்டு 8 ஜிபி போட்டு 16 ஆக ஓட்டலாம். மெஷின் வந்த காலத்தில் விற்ற பெரிய ராமை வைத்து அளவு எழுதிவிடுகிறார்கள், பிறகு திருத்துவதில்லை. இப்படிப் பல மெஷின்களில் உண்டு. அடிமூடியில் 10 ஸ்க்ரூ, அதில் 3 மட்டும் நீளம். கழற்றிய இடத்தின்படியே ஒரு தாளில் குத்தி வையுங்கள், மாற்றிப் போட்டால் மூடி சரியாக உட்காராது. ரெட்டினா திரை உள்ள மாடல் என்றால் ராமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்ட வழியில்லை. தங்கைக்குக் கொடுப்பதென்றால் ராமோடு எஸ்எஸ்டியும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கோடு 16 ஜிபி கொடுத்தாலும் திறக்க நேரமாகத்தான் செய்யும்.

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் ஊர் உதவிபெறும் பள்ளியில் 10 கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கின்றன. எல்லாம் ஜி31 போர்டு, இரண்டு ஸ்லாட், ஆனால் மெஷினுக்கு 1 ஜிபி டிடிஆர்2 ராம் ஒன்று மட்டும். மூன்றில் கரண்டே வரவில்லை. மீதி ஏழும் ஆமை வேகம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அம்மா?
– வாசகர், சங்கரன்கோவில் அருகில்

முடியும் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஜி31 போர்டு அதிகபட்சம் 4 ஜிபி எடுக்கும், ஸ்லாட்டுக்கு 2 ஜிபி வீதம். ஆனால் புது டிடிஆர்2 கிடைப்பது அரிது. சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும் பெரும்பாலும் பழையதுதான் கைக்கு வரும். அதற்காக முதலிலேயே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். கையில் இருப்பதைக் கூட்டிப் பார்ப்போம். 10 மெஷினில் 10 ராம். ஏழு மெஷினுக்கு 14 ஸ்லாட். இன்னும் 4 ராம் இருந்தால் ஏழிலும் 2 ஜிபி ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாணவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ராமைத் தொட வேண்டும், உடம்பில் உள்ள மின்னூட்டம் இறங்கிவிடும். ராமின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், தங்க நிறப் பின்களில் விரல் படக் கூடாது. வெள்ளை ரப்பரால் பின்களை மெதுவாக, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேய்க்கச் சொல்லுங்கள். ரப்பரில் கறுப்பு ஏறுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். துகளைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் அதே பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போகும். பல வருஷம் கிடந்த மெஷின்களில் பாதி இந்த ஒரு வேலையிலேயே பீப் சத்தத்தை நிறுத்திவிடும்.

ஒவ்வொரு ராமுக்கும் பென்சிலால் லேபிளில் ஒரு எண் போடுங்கள். ஓடுகிற ஒரு மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டு, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். ஒரு முழுச் சுற்றாவது முடிய வேண்டும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். சந்தேகமான ராமை வைத்துக்கொண்டு ஓட்டினால் பிள்ளைகள் செய்த கோப்பு காரணமே தெரியாமல் கெட்டுப்போகும், அது அவர்கள் மனசை உடைத்துவிடும்.

கரண்டு வராத மூன்று மெஷினிலும் போர்டு போயிருக்கும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஓடுகிற மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கழற்றி அதில் மாட்டிப் பாருங்கள், பல நேரம் எஸ்எம்பிஎஸ் மட்டும்தான் இறந்திருக்கும். 5,000 ரூபாயை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து மெஷினுக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி மாற்றிவிடுங்கள். பழைய பேட்டரி தீர்ந்தால் தேதி ஒவ்வொரு நாளும் பின்னால் போய் நிற்கும்.

மென்பொருளுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், 2 ஜிபியில் ஓடும். லிப்ரே ஆபீஸ், டக்ஸ் பெயின்ட், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் இலவசம். பிரவுசரில் ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் திறக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். போர்டில் உள்ள கிராபிக்ஸ் ராமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பயாஸுக்குள் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் அந்த அளவை இருப்பதிலேயே குறைந்ததாக வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

தேவைப்படும் அந்த 4 ராமை வாங்க வேண்டாம். என் கடை டப்பாவில் 1 ஜிபி டிடிஆர்2 ஆறு கிடக்கிறது. எல்லாம் நானே சோதித்தவை, யாரும் கேட்டு வருவதில்லை. நாலு உங்களுக்கு, இரண்டு கையிருப்புக்கு. இந்தப் பக்கம் வரும்போது வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வர முடியவில்லை என்றால் முகவரி எழுதுங்கள், கூரியரில் அனுப்புகிறேன். பள்ளி திறந்த பிறகு எத்தனை மெஷின் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள் ஐயா.